மறுபக்கம் சாய்ந்த தராசு

தேர்தல் வந்துவிட்டால் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை போடும். அந்த அலுவலகத்தின் மூன்றாவது மாடி மட்டும் இரண்டு தரப்புக்கும் சேர்த்து வேலை பார்க்கும். போக்குவரத்துத் துறையின் பழைய வழக்கம் அது. யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்படவும் கூடாது. அதனால் இந்தக் கட்சி வந்தால் கொடுக்க ஒரு பச்சைக் கோப்பு, அந்தக் கட்சி வந்தால் கொடுக்க ஒரு மஞ்சள் கோப்பு. மேடையில் கொடுத்த வாக்கு ஒவ்வொன்றையும் எப்படி நிறைவேற்றுவது, அதில் என்ன நன்மை, எங்கே இடறும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. முடிவு தெரிந்த மறுநாள் ஒரு கோப்பு புது அமைச்சரின் மேசைக்குப் போகும். இன்னொன்று யார் கண்ணிலும் படாமல் காகிதம் அரைக்கும் இயந்திரத்துக்குப் போகும். மாதக்கணக்கில் மண்டையை உடைத்து எழுதியதில் சரிபாதி தூள். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அந்த மாடியில் எல்லோரும் சிரித்துக்கொள்வார்கள்.

இந்தக் கோப்புகளை எழுதுவதில் ஒரு துணைச் செயலரை மிஞ்ச ஆள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் தராசு என்று பெயர். கேன்டீனில் டீயா காபியா என்று கேட்டால்கூட இரண்டின் சாதக பாதகத்தையும் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கோப்பையைக் கையில் வாங்குவாள். அவள் எழுதிய பச்சைக் குறிப்பைப் படித்தால் 'இந்த அம்மா நம்ம ஆள்' என்று பச்சைக்காரர் நினைப்பார். மஞ்சள் குறிப்பைப் படித்தால் மஞ்சள்காரரும் அப்படியே நினைப்பார். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. தப்பில்லை, சம்பாதித்த பெருமைதான்.

வீட்டிலும் அதே கதை. தொலைக்காட்சியில் தலைவர்கள் பேசும்போது தங்கையின் முகத்தையே உற்றுப் பார்த்து, ஓட்டு யாருக்கு என்று கண்டுபிடிக்க அக்கா பல தேர்தலாக முயன்று தோற்றிருக்கிறாள். "உன் மூஞ்சியில ஒரு ஈ உக்காந்தாக்கூட அது எந்தக் கட்சி ஈன்னு தெரியாதுடி" என்பாள்.

அக்கா அவளோடுதான் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது நடந்து போகும் மனுஷி, வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவாள். தெருமுனையிலிருந்து ஏற்றிப் போய்த் தெருமுனையில் இறக்கிவிட ஒரு வண்டி இருந்தது. அந்தப் பகுதியில் இதே நோய்க்காரர்கள் பன்னிரண்டு பேருக்காக அரசாங்கம் ஓட்டும் இலவச வண்டி. போக்குவரத்துத் துறையின் வண்டி. அதாவது தராசு உட்காரும் பிரிவின் வண்டி.

இந்த முறை இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்ட பல விஷயங்களில் பகுதிதோறும் ஓடும் இந்த வண்டிகளும் ஒன்று. பச்சைக்காரர்கள் தொடர்வோம் என்றார்கள். மஞ்சள்காரர்கள் நிறுத்துவோம், அந்தச் செலவில் எல்லோருக்குமாக டவுன் பஸ் கூடுதலாக விடுவோம் என்றார்கள். அதுவும் ஒரு நியாயம்தான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவனைக் கேட்டால் அதுதான் பெரிய நியாயம் என்பான்.

குறிப்பு எழுதும் வேலை தன்னிடம் வந்தபோது அவள் நேராகத் துறைச் செயலரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், என் அக்கா அந்த வண்டியிலதான் போறாங்க. இதை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாருக்கு அந்த வண்டிக்கு எத்தனை சக்கரம்னு தெரியும்? நீங்களே எழுதுங்க. நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டேன், போதும். கை மட்டும் சாயக்கூடாது."

கை சாயக்கூடாது. அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்தது.

பச்சைக் குறிப்பு சுலபமாக வந்தது. மஞ்சள் குறிப்பில்தான் சிக்கல். நிறுத்துவதால் என்ன நன்மை என்று எழுதிவிட்டு, எங்கே இடறும் என்ற இடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரி அனுப்பிய விவரம் கையில் இருந்தது. வண்டி வருவதற்கு முன்னால் நோயாளிகள் அடிக்கடி சிகிச்சைக்கு வராமல் விட்டார்கள். அப்படி விட்டவர்கள் மூச்சு முட்டி அவசரப் பிரிவில் வந்து விழுந்தார்கள். வண்டி வந்தபின் அது பெருமளவு நின்றது. சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கூட்டத்தில் நின்று பயணம் செய்ய முடியாது. எல்லாம் டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுச் சொன்னவை. அதை நல்ல பாராவாக எழுதினாள். எழுதியதைப் படித்தால் ஒவ்வொரு வரியிலும் அக்காவின் குரல் கேட்டது. 'தலை சுத்துதுடி, கையைப் பிடி.' இது துறை எழுதியதா, தங்கை எழுதியதா? மறுபடி படித்தாள். மறுபடியும் அக்காதான் பேசினாள்.

பாராவை அடித்தாள். அந்த இடத்தில் ஒற்றை வரி எழுதினாள்: 'பயணிகளுக்குச் சில சிரமங்கள் ஏற்படலாம்.'

அப்பாடா என்று இருந்தது. தன் வயிற்றில் தானே கட்டிய கல் அது என்று அப்போது தெரியவில்லை. நேர்மைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. தனக்கு வேண்டியது என்று தெரிந்துவிட்டால் போதும், அது உண்மையே ஆனாலும் தட்டிவிட்டுவிட்டுத்தான் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

மஞ்சள்காரர்கள் ஜெயித்தார்கள். பச்சைக் கோப்பு தூளானது. புது அமைச்சர் கட்சிக்கு வருமுன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கோப்பை வரி வரியாகப் படித்து, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுகிறவர். பதவியேற்ற வாரத்திலேயே செயலரையும் தராசையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்த வண்டி விஷயம் எழுதினது நீங்கதானா?"

"துறை எழுதினது சார்." பழக்க தோஷத்தில் வந்துவிட்டது.

"துறைக்குக் கை ஏதும்மா? நீங்கதானே?"

அவள் தலையாட்டினாள்.

"மனசுல பட்டதைச் சொல்றேன். மேடையில நிறுத்துவோம்னு பேசிட்டோம், கைதட்டவும் செஞ்சாங்க. ஆனா எனக்குள்ள ஒரு உறுத்தல். என்ன இருந்தாலும் நோயாளிங்க போற வண்டி. உருப்படியா ஒரு காரணம் கிடைச்சா கட்சியில பேசித் தள்ளிப் போடலாம்னு உங்க குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். 'சில சிரமங்கள் ஏற்படலாம்'னு ஒரு வரி. வேற ஒண்ணுமில்ல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" அமைச்சர் கோப்பை மூடிச் சிரித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. என் சந்தேகமே தீர்ந்து போச்சு. இன்னைக்கே அறிவிச்சிடலாம்."

சொல்ல வேண்டியது அவளுக்கு வரி வரியாகத் தெரியும். இப்போது வாயைத் திறந்தால் பேசப் போவது துணைச் செயலரா, அக்காவின் தங்கையா? யோசித்துக்கொண்டே நின்றாள். யோசித்து முடிப்பதற்குள் அமைச்சர் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் செயலர், "வந்த வாரத்திலேயே அமைச்சர் வாயால பாராட்டு வாங்கிட்டீங்களே" என்றார். அந்தப் பாராட்டைச் சுக்குநூறாகக் கிழித்து அந்த வராந்தாவிலேயே எறிய வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் எறிவது? எழுதியவள் அவள்தானே.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே தொலைக்காட்சியில் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியோடு நோயாளிகள் வண்டி நிற்கும். கூடுதல் பஸ் வரும். "இதனால் பயணிகளுக்குச் சில சிரமங்கள் ஏற்படலாம், பொறுத்துக்கொள்ள வேண்டும்."

அக்கா ஒலியைக் குறைத்தாள். "சில சிரமம்னா என்னடி? போன தடவை வண்டிக்குள்ளயே மயங்கினேனே, அது சில சிரமமா, பல சிரமமா? எந்த மகராசன் எழுதிக் குடுத்தானோ! அவன் ஒரு நாள் அந்த ஊசியைக் கையில குத்திக்கட்டும், அப்புறம் எழுதட்டும்."

தங்கை பையைக் கீழே வைக்காமல் நின்றாள். அலுவலக விஷயம் வீட்டில் பேசக்கூடாது. ஆனால் இத்தனை வருஷமாக எதையும் காட்டாத முகம் அன்றைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "நீயா?"

தங்கை தலையசைத்தாள்.

"எனக்கு நடக்கிறது உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான்க்கா. எனக்குத் தெரியும்ங்கிறதாலயே எழுதக் கூடாதுன்னு..." பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "எழுதினா அது உனக்காக எழுதின மாதிரி ஆயிடும்."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள்.

"சரி, நான் உன் அக்கா. என்னைப் பத்தி எழுதக் கூடாது, ஒத்துக்கறேன். அந்த வண்டியில இன்னும் பதினோரு பேர் வர்றாங்களே, தையக்காரரு, பேரப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்ற அந்தப் பொம்பளை, அவங்கல்லாம் உனக்கு என்ன வேணும்? ஒரு அக்காவை ஒளிச்சு வைக்கிறதுக்குப் பதினோரு பேரையும் சேர்த்துப் புதைச்சிட்டியேடி."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். பை இன்னும் தோளில் தொங்கியது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய்ப் புதுக் குறிப்பு எழுதினாள். முதல் வரி: 'இதை எழுதுபவரின் அக்கா இந்த வண்டியில் செல்பவர்.' அதன் கீழே ஆஸ்பத்திரி விவரம் முழுவதும், அடித்த பாரா முழுவதும். கடைசியில், 'முந்தைய குறிப்பில் இது விடுபட்டது எழுதியவரின் தவறு.' ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

செயலர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அந்த இடம் வெறுமையா இருந்ததை நானும் அன்னைக்கே கவனிச்சேன்."

"கவனிச்சீங்களா? அப்புறம் ஏன் சார் கேக்கல?"

"வீட்டு விஷயம்னு நீங்களே எடுத்துட்டீங்க, எவ்வளவு நேர்மைன்னு நினைச்சேன். பெருமைப்பட்டேன்." அவர் அவளைப் பார்க்கவில்லை. "முட்டாள்தனம். வாங்க, போவோம்."

அமைச்சர் முதல் வரியைப் படித்ததும் பென்சிலைக் கீழே போட்டார். மிச்சத்தையும் படித்தார். முகம் சிவந்தது.

"ஒரு காரணம் இருந்தா குடுங்கன்னு உங்க வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே! இதை மேசைக்குள்ள வச்சுக்கிட்டா நேத்து என் முன்னாடி நின்னீங்க?"

"ஆமா சார்."

"நேத்தே சொல்லியிருந்தா இது ஆஸ்பத்திரி சொன்ன உண்மை. இன்னைக்கு என்னன்னு பேசுவாங்க தெரியுமா? அதிகாரி அம்மா தன் அக்காவுக்காக அமைச்சரையே வளைச்சுட்டாங்கன்னு பேசுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதும்மா. உண்மையை நீங்களே கெடுத்துட்டீங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதுதான் அதிகமாக எரிந்தது.

அமைச்சர் கோப்பைச் செயலரிடம் நீட்டினார். "இந்தக் கோப்பை வேற ஆள்கிட்ட குடுங்க. ஆஸ்பத்திரியில கேட்டு, இதெல்லாம் சரியான்னு புதுசா பாக்கட்டும். சரின்னு வந்தா யோசிக்கிறேன்." பிறகு அவளிடம், "இனிமே இந்த விஷயத்துல நீங்க அதிகாரி இல்ல. வெளி ஆள். எட்டிக்கூடப் பாக்கக் கூடாது."

கோப்பு பக்கத்து அறைக்குப் போனது. அந்த அறை அதிகாரிக்கு நிதானம் என்று பெயர். யார் வைத்தார்களோ, வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். தப்பான மனுஷன் இல்லை, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய எவ்வளவு காலம் ஆகுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதினார். பதில் வந்தது, வந்த பதிலில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பினார். எல்லாம் முறைப்படிதான். அவளாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பாள்.

மாதம் முடிந்துகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் வெந்தாள். 'சரிபார்த்து முடியும்வரை வண்டி ஓடட்டும்' என்று ஒரு வரி போட்டால் போதும், அமைச்சர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த வரி நிதானத்துக்குத் தோன்றவில்லை. கேட்டதைச் செய்கிறவர் அவர், கேட்காதது அவர் கண்ணில் படாது. போய்ச் சொல்லலாம் என்றால் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை கேட்டிருக்கிறோம். இவளுக்கு வெண்ணெய் பக்கத்து அறையில், வாயில் பூட்டு.

மாதம் முடிந்தது. வண்டி நின்றது.

முதல் நாள் அவள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவோடு டவுன் பஸ்ஸில் போனாள். புது பஸ்தான், சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் அதில்தான் போனது. யாரோ ஒரு புண்ணியவதி எழுந்து இடம் கொடுத்ததால் போகும்போது அக்கா உட்கார்ந்தாள். அறிவிப்பு வந்த அன்றைக்கு இருவருக்கும் நடுவே ஆரம்பித்த மௌனம் இன்னும் முழுசாகக் கலையவில்லை.

சிகிச்சை அறையில் வரிசையாகப் படுக்கைகள். அக்காவின் கையில் நர்ஸ் ஊசி ஏற்றினாள். குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியது. பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. விரிப்பு கசங்காமல் கிடந்தது.

"தையக்காரர் எங்க?" என்று அக்கா கேட்டாள்.

"வரலம்மா" என்றாள் நர்ஸ். "போன் பண்ணினேன். பஸ்ஸுக்கு நின்னு பாத்தாராம், ஏற முடியலையாம். அடுத்த முறைக்கு வந்துக்கறேன்னாரு. எங்க வர்றது, அதுக்குள்ள உடம்புல தண்ணி ஏறிடுமே?"

அக்கா அந்தக் காலிப் படுக்கையைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"இதை யாருடி எழுதுவா?"

தங்கை சட்டென்று எழுந்தாள். "நாலு மணி நேரம் ஆகும்ல? முடியறதுக்குள்ள வந்துடறேன். தனியா இறங்காத, நான் வந்து கையைப் பிடிக்கறேன்."

அவள் போன இடம் அவளுடைய அலுவலகம்தான். மாடி ஏறவில்லை. கீழ்த்தளத்தில் பொதுமக்கள் மனுக் கொடுக்கும் கூடத்தில் போய் டோக்கன் எடுத்துக்கொண்டு, இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே வாங்கும் மனு, உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அன்று மாலைக்குள் செயலர் மேசைக்குப் போயாக வேண்டும். அந்தச் சுற்றறிக்கையைப் பல வருஷம் முன்பு எழுதியவளே அவள்தான். எழுதியபோது மேலேயிருந்து பார்த்த கூடம் இது. பெஞ்சு இவ்வளவு சூடாக இருக்கும், மின்விசிறி ஒன்று ஓடாது என்பதெல்லாம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

முறை வந்தது. கவுண்டரில் இருந்த எழுத்தர் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"மேடம்! நீங்க எதுக்கு இங்க? சொல்லியிருந்தா நானே மேல வந்திருப்பேனே."

"உக்காருங்க. மேல இருக்கிறவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் வெளி ஆள். மனுக் குடுக்க வந்திருக்கேன்."

ஒரே ஒரு கோரிக்கைதான். சரிபார்த்து முடியும்வரை வண்டி ஓடட்டும். அதன் கீழே அன்று காலையில் காலியாகக் கிடந்த படுக்கையைப் பற்றி நாலு வரி. எழுத்தர் ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். அவருக்குத் தர்மசங்கடமாக இருந்தது. இந்த அம்மா ஒரு பக்கமாக நின்று அவர் பார்த்ததே இல்லை.

"பதிவேட்டுல போடணும் மேடம்," என்று தயங்கினார். "யாருக்காக மனுன்னு போடட்டும்?"

"பன்னிரண்டு பேருக்காக," என்றாள் அவள். "அதுல ஒருத்தி என் அக்கா. அதை முதல்ல போடுங்க."